‘பெய்யக்கூடும்’ என்னும் வாய்மை

நடந்ததை நடந்தவாறே உரைப்பது வாய்மை. நடவாததை நடந்ததாக உரைப்பது பொய். இவ்விரண்டிலும் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், இன்னும் நடவாத ஒன்றைப் பற்றி ஒருவர் இன்று உரைக்கும் சொல், உரைக்கப்படும் அந்த வேளையில் மெய்யா, பொய்யா? மறுநாள் விடிந்த பின்னரே அது மெய்யாகவோ பொய்யாகவோ ஆகுமெனின், சொன்னவர் சொன்ன பொழுதில் செய்தது என்ன? வாய்மையைக் காத்தாரா, அன்றிச் சூதாடினாரா? மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இது வேலையற்றோர் வினாவாகத் தோன்றலாம். எனினும், நாள்தோறும் நம் செவியில் விழும் மிக எளியதோர் அறிவிப்பே இவ்வினாவை ஓயாது எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதுதான் வானிலை முன்னறிவிப்பு.

நால்வர் கேட்கும் ஒரு செய்தி

குளிர்காலத்தில் சிம்லா நகருக்கென வெளியாகும் அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘இன்றிரவு லேசான பனிப்பொழிவு இருக்கக்கூடும், நாளைப் பகலில் மேகமூட்டம், அதனையடுத்துச் சில நாட்கள் வறண்ட வானிலை, வாரக் கடைசியில் மீண்டும் மழையோ பனியோ பெய்யக்கூடும்’ என்ற அளவில் அஃது அமைந்திருக்கும். நான்கே தொடர்கள். படித்து முடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் அதனைக் கேட்கும் செவிகள்தாம் எத்தனை விதமானவை!

தில்லியில் வாழும் தமிழர் நமக்கு இவ்வறிவிப்பு அயலானதன்று. பொங்கல் விடுமுறையை ஒட்டி ஊரிலிருந்து வரும் உறவினர், செங்கோட்டையையும் தாஜ்மகாலையும் கண்டு முடித்ததும், “மாமா, சிம்லா போனால் பனி விழுவதைப் பார்க்கலாமா?” என்று கேட்பது வடபுலத்துத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கமான வினா. கல்காவிலிருந்து 96 கிலோமீட்டர் மலை இரயிலில் ஏறிச் செல்லும் அவர்களுக்குப் பனி ஒரு காட்சி. பெய்தால் மகிழ்ச்சி, பெய்யாவிட்டால் ஏமாற்றம். இழப்பு அவ்வளவே.

சிம்லாவுக்கு மேலே நார்கண்டாப் பகுதியில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர் அதே அறிவிப்பை வேறு மனத்தோடு கேட்கிறார். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் நெடிது உறங்கவேண்டும். பழைய வகை மரங்களுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரத்துக்கு மேல் கடுங்குளிர் தேவை. அக்குளிர் போதாவிடில் வசந்தத்தில் பூ குறையும். உருகும் பனி மண்ணுக்குள் மெல்ல இறங்கி ஈரம் சேர்க்கும். பனியை ‘வெள்ளை எரு’ என்றே அம்மலைவாழ் உழவர் அழைக்கின்றனர். அவருக்குப் பனி அடுத்த ஆண்டின் பிழைப்பு.

குஃப்ரி, தியோக் வழியாகச் சரக்கேற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கோ அது அச்சம். பெரும்பனி பெய்தால் சாலையை மூடிவிடுவர். அவரும் வண்டியை நிறுத்திவிடுவார். லேசான பனி அப்படியன்று. பகலில் உருகி, இரவில் உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடிப் படலமாய்ச் சாலைமேல் படிந்து கிடக்கும். ஒரு திருப்பத்தில் சக்கரம் வழுக்கினால் கீழே பள்ளத்தாக்கு.

நான்காமவர் ஒருவர் உண்டு. மோட்டார் வண்டிகள் செல்லாத சிம்லாவின் மேட்டுத் தெருக்களில் எரிவாயு உருளைகளையும் அரிசி மூட்டைகளையும் முதுகில் கட்டிச் சுமக்கும் காஷ்மீரத்துக் கூலித் தொழிலாளர். அவர்களை அவ்வூரார் ‘கான்’ என்பர். பனி பெய்யக்கூடும் என்று கேட்டால் அவர் செய்யத்தக்கது யாது? படிகள் வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். சுமக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதும் தெரியும். ‘லேசான’ என்ற அடைமொழி அவர் முதுகில் வந்து அமரும்போது லேசாக இருப்பதில்லை.

ஒரே சொல், நால்வர்க்கு நான்கு எடை. ஆகவே நாளையைப் பற்றிச் சொல்லும் சொல் வெறும் தகவல் அன்று. அது பிறர் வாழ்வில் புகுந்து வினை செய்யும் சொல். வினை செய்யும் சொல்லுக்கு அறமும் உண்டு.

பனி என்னும் சொல்

இங்குத் தமிழ்ச் சொல்லைப் பற்றியும் சிறிது எண்ணுதல் தகும். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பாட்டிமார் கணக்கு. அந்தப் பனி இரவில் புல்நுனியில் துளிர்த்துக் காலை வெயிலில் மறையும் பனி. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி முழங்கால் அளவு குவியும் பனியைத் தமிழகத்துச் சமவெளி கண்டதில்லை. எனவே ஒரே சொல்லையே இரண்டிற்கும் வழங்கி, வேறுபாடு வேண்டும்போது வெண்பனி, உறைபனி எனப் பகுத்துச் சொல்லுகிறோம்.

சொல்லைவிட வியப்பூட்டுவது வினைமுற்று. ‘மார்கழியில் பனி பெய்யும்’ என்றால் அது என்றும் உள்ள இயல்பு. ‘இன்றிரவு பனி பெய்யும்’ என்றால் அது வரப்போகும் நிகழ்ச்சி. இரண்டிற்கும் ‘பெய்யும்’ என்ற ஒரே வடிவந்தான். இயல்பினைச் சொல்வதில் பிழை நேர்வது அரிது. நிகழ்ச்சியைச் சொல்வதிலோ பிழை நேர்வது எளிது. இவ்விடரினின்றும் காத்துக்கொள்ள மொழி நமக்குத் தந்த கருவியே ‘கூடும்’ என்னும் துணைவினை. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம், நகைத்தும் இருக்கிறோம். பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, தப்பித்துக்கொள்ள ஒரு சொல் என்று கேலி பேசுவோர் இன்றும் உளர். அக்கேலி நியாயமானதுதானா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பெய்யுமா, பெய்யாதா?

சிம்லா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கு மழையும் பனியும் கொணர்வன, மத்தியதரைக் கடற்பக்கமிருந்து ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழற்சிகள். வானிலையாளர் இவற்றை ‘மேற்கத்தியக் கலக்கம்’ என்பர். இவை வருவதைப் பல நாள் முன்னரே செயற்கைக் கோள்கள் வழியாகவும் கணிப்பொறிகள் வழியாகவும் காணலாம். இமயம் முழுவதிலும் பெரும்பனி பெய்யவிருக்கிறது என்றால், அதனைக் கூறுவது இக்காலத்தில் அத்துணைக் கடினமன்று.

கடினமானது லேசான பனியே. மேகத்தில் பனித்துகளாகப் பிறப்பது தரையைத் தொடுமுன் நீர்த்துளியாவதும் ஆகாததும் காற்றின் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்தது. சிம்லாவின் ஜாக்கூ குன்று ஏறத்தாழ 2,450 மீட்டர். பேருந்து நிலையமும் இரயிலடியும் அதனினும் மிகத் தாழ்ந்தவை. குன்றின்மேல் வெண்பனி படிய, கீழே வெறும் தூறல் விழுந்து ஓய்ந்துவிடுவதும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பனியாகும். ஆகவே கணக்கில் இரண்டு மில்லிமீட்டர் கூடிற்றா குறைந்ததா என்பதே, ‘சிம்லா வெண்போர்வை போர்த்தது’ என்பதற்கும் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடு. பெரியதைச் சொல்வது எளிது. சிறியதைச் சொல்வது அரிது. ஆனால் கேட்போர் இதற்கு நேர்மாறாக எண்ணுகின்றனர். ‘இந்தச் சிறு பனியைக்கூடச் சொல்லத் தெரியவில்லையே’ என்கின்றனர்.

கருதலும் அளவும்

நம் பழந்தமிழ்ச் சிந்தனையாளர் அறிவு பிறக்கும் வழிகளை அளவை என்று வகுத்தனர். காண்டல், கருதல், உரை என்பன அவற்றுள் தலையாயவை. மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில், கருதல் அளவையின் வகைகளை விளக்கவரும் அளவைவாதி, கரிய மேகத்தைக் கண்டு மழை வருமெனக் கருதுவதையே ஓர் எடுத்துக்காட்டாக வைத்தான். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கும் என்று கருதுவது மற்றொன்று. காரணத்தைக் கண்டு காரியத்தை அறிவது முன்னது. காரியத்தைக் கண்டு காரணத்தை அறிவது பின்னது. இரண்டும் கருதலே, ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வெள்ளம் வந்துவிட்டது, மழை எங்கோ பெய்தே இருக்கவேண்டும். மேகமோ இப்போது நிற்கிறது. அது பெய்யாமல் கலைந்தும் போகலாம். முன்னறிவிப்பாளர் நிற்பது இந்த மேகத்தின் அடியில்தான்.

அவர் அறிவு நாள் செல்லச் செல்லத் தேயும் அறிவு. இதனை உலகுக்கு விளக்கிக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லொரென்ஸ். 1961-இல், கணிப்பொறியில் தாம் அமைத்திருந்த எளியதொரு வானிலைக் கணக்கை மீண்டும் நடத்த விரும்பிய அவர், 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கி இட்டார். வேறுபாடு ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் இரு கணக்குகளும் ஒட்டியே சென்றன; சற்றுத் தொலைவு சென்றதும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதபடி விலகிவிட்டன. 1963-இல் இதனை அவர் ஆய்வுரையாக வெளியிட்டார். இன்றைய வானத்தை முற்றும் பிழையின்றி அளக்க எவராலும் இயலாது. அளவில் உள்ள சிறு பிழை நாளொரு மேனியாக வளரும். ஆகவே வானிலையைச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் பொருள். கணிப்பொறிகளும் அளவீடுகளும் வளர்ந்ததன் பயனாக, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னறிவிப்பின் எட்டும் தொலைவு நீண்டு வந்திருக்கிறது. ஆயினும் எல்லை அழிந்துவிடவில்லை.

இப்போது நாம் எடுத்துக்கொண்ட நான்கு தொடர்களை மீண்டும் பார்ப்போம். ‘இன்றிரவு’ என்னும் முதல் தொடருக்கும் ‘வாரக் கடைசியில்’ என்னும் இறுதித் தொடருக்கும் இடையே அறிவின் வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. ஆனால் தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே மை. ஒரே அளவு எழுத்து. ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மேகப் படம். இங்கேதான் வாய்மைக்கு முதல் இடர் நேருகிறது. ஏழாம் நாளை முதல் நாளைப் போலவே உறுதியாகக் காட்டினால், சொல்லில் பொய் இல்லாவிடினும் சொல்லும் முறையில் பொய் புகுந்துவிடும். அந்த ஏழாம் நாளில் உண்மையாகவே பனி பெய்தாலுங்கூட அது தற்செயலாக வென்ற சொல்லேயன்றி வாய்மையான சொல்லாகாது. மாறாக, தாம் அறிந்த அளவை அறிந்த அளவிலேயே சொன்னவரின் சொல், மறுநாள் பனி பெய்யாவிட்டாலும் வாய்மையே. நாளையைப் பற்றிய சொல்லின் மெய்மை நாளையில் இல்லை; சொல்பவர் தம் அறிவின் அளவை இன்று மறையாது காட்டினாரா என்பதில் இருக்கிறது. இதுவே நம் துணிபு.

இவ்வகையில் நோக்கின் ‘கூடும்’ என்பது தப்பித்துக்கொள்ளும் சொல்லன்று. அளந்து சொல்லும் சொல். இந்திய வானிலைத் துறையின் வழக்கில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால் ஒரு வட்டாரத்தில் உள்ள அளவை நிலையங்களுள் 25 விழுக்காட்டுக்கு மேற்படாதவை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை. நாம் நகைத்த சொற்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. வணிகர் படியும் முழமும் போல அவை வரையறுத்த அளவுகள்.

மூன்று வழுக்கு நிலங்கள்

அளந்து சொல்லும் இவ்வழியில் நடப்பவர் வழுக்கக்கூடிய இடங்கள் மூன்று.

முதலாவது, துணிந்து கூறல். மக்கள் தெளிவையே விரும்புவர். ‘பெய்யும்’ என்றோ ‘பெய்யாது’ என்றோ கூறுபவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். ‘பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு’ என்பவரைச் சுற்றி யாரும் கூடார். ‘வானிலை முன்னறிவிப்பு’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர், டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவர் இராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1859-இல் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டபின், புயலை முன்கூட்டி அறிவிக்க அவர் முனைந்தார். 1861 ஆகஸ்டு 1-ஆம் நாள் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு வரத் தொடங்கியது. இவை ஆரூடங்கள் அல்ல, கணக்கிட்டுப் பெற்ற கருத்துகளே என்று அவர் தெளிவாக எழுதினார். உலகம் அதனைக் கேட்கவில்லை, ஆரூடமாகவே எடுத்துக்கொண்டது, பிழைத்தபோது நகைத்தது. உடல்நலிவு, கடன், மனச்சோர்வு எனப் பல துயர்களோடு இந்நகைப்பும் சேர, 1865-இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு அறிஞர் குழு ஒன்றின் அறிக்கையை ஏற்று முன்னறிவிப்புகள் நிறுத்தப்பட்டன. ஆனால் புயலெச்சரிக்கை வேண்டுமென்று கடலில் செல்வோர் குரல் கொடுத்தனர். பத்தில் சில பிழைத்தாலும் எஞ்சியவை தம் உயிரைக் காக்கும் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்தாம். எச்சரிக்கை விரைவில் திரும்பியது. நாள்தோறும் வரும் முன்னறிவிப்பு 1879-இல்தான் மீண்டது.

இரண்டாவது, மிகைப்படுத்தல். பனி பெய்யாது என்று சொல்லிப் பெய்துவிட்டால் ஊரே திட்டும். பெய்யும் என்று சொல்லிப் பெய்யாவிட்டால் எவரும் அத்துணைச் சினப்பதில்லை. எனவே எப்போதும் சற்றுக் கூட்டியே சொல்லிவைத்தால் சொல்பவர்க்குக் காப்பு. ‘மக்கள் நன்மைக்காகத்தானே?’ என்று அதற்கு நியாயமும் கற்பிக்கலாம். வள்ளுவர் வாய்மைக்குத் தனியதிகாரம் வகுத்து, பிறர்க்குத் தீங்கு விளையாமையை அதன் அளவுகோலாக வைத்தவர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் தகுதி பெறும் என்று இசைவு தந்தவர். அவ்விசைவை இங்குக் கொணரலாமா? ஆகாது என்பதே நம் கருத்து. ‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்று கூவிய சிறுவன் கதையை நாம் அறிவோம். மிகைப்படுத்திய எச்சரிக்கையின் தீங்கு இன்றிரவு தெரியாது. மெய்யாகவே பெரும்பனி வரும் அந்த ஓரிரவில், எவரும் நம்பாதபோதுதான் தெரியும். அந்த நன்மை குற்றமற்ற நன்மையன்று. வட்டியோடு திருப்பித் தரவேண்டிய கடன். அத்தோடு, இன்று வீணாக வேலையிழந்து கூலியிழந்த சுமை தூக்குபவரின் பசியை எந்த நன்மைக் கணக்கில் எழுதுவது?

மூன்றாவது, ஒளித்தல். இதற்குச் சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. அதுவும் பனியோடு தொடர்புடையது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரப்படும் 1876-78 ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தின் பின், மழை பொய்ப்பதை முன்னரே அறிய வழியுண்டா என்ற வினா அரசின் முன் எழுந்தது. 1875-இல் தோன்றியிருந்த இந்திய வானிலைத் துறையின் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தில் குளிர்காலப் பனி மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குன்றுவதைக் கண்டு, 1884-இல் அதனை ஆய்வுரையாக வெளியிட்டார். அதன் அடிப்படையில் 1886-இல் பருவமழைக்கான முன்னறிவிப்பு முறையாகத் தொடங்கிற்று. தஞ்சை உழவனும் நெல்லை நெசவாளியும் கண்ணாலும் கண்டிராத பனியைக் கொண்டு இந்நாட்டு மக்களின் உணவைக் கணிக்க முயன்ற முயற்சி அது. அத்தொடர்பு அவர் கருதியது போல் எளியதன்று எனப் பின்னையோர் கண்டனர் என்பது வேறு.

அவருக்குப் பின்வந்த ஜான் எலியட், 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். அவ்வாண்டு பெரும் வறட்சியாய் முடிந்து, மேற்கிந்தியாவையும் நடு இந்தியாவையும் பஞ்சம் வாட்டியது. இதழ்கள் கண்டித்தன. சில ஆண்டுகளில் பருவமழை முன்னறிவிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசின் உயர் அலுவலர்க்கு மட்டும் மறைமுகமாக அனுப்பப்படலாயிற்று. இதனை நாம் சற்று நின்று எண்ணவேண்டும். பிழைத்த சொல்லைத் திருத்துவதற்குப் பதில் சொல்லையே மறைத்தனர். அலுவலர்க்குத் தெரியலாம்; உழவர்க்குத் தெரியலாகாது. பிழைபடக்கூடிய அறிவே ஆயினும், அதனைப் பிழைபடக்கூடியது என்ற குறிப்புடன் உரியவர் கையில் கொடுப்பதே அறம். மறைக்கப்பட்ட முன்னறிவிப்பு பொய்த்தாலும் எவரும் கேட்கமாட்டார். பலித்தாலும் எவர்க்கும் பயனில்லை.

கேட்பவர் கடன்

சொல்பவர்க்கு மட்டும் அறம் வகுத்துக் கேட்பவரை விட்டுவிடுதல் நேர்மையன்று. 2022 ஜனவரியில் பாகிஸ்தானத்தின் முர்ரீ நகரில் நடந்ததை உலகம் அறியும். அதுவும் சிம்லாவைப் போல ஆங்கிலேயர் அமைத்த மலை நகரமே. கடும்பனி பெய்யக்கூடுமென்று அந்நாட்டு வானிலைத் துறை முன்னரே எச்சரித்திருந்தது. ஆயினும் பனியைக் காணும் ஆவலில் ஆயிரமாயிரம் வண்டிகள் மலையேறின; தடுக்கவேண்டியவரும் உரிய வேளையில் தடுக்கவில்லை. ஜனவரி 7-ஆம் நாள் இரவில் சாலையில் சிக்கிய வண்டிகளுக்குள்ளேயே, சிறுவர் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் குளிராலும் நச்சுப் புகையாலும் மாண்டனர். அங்கே முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. கேட்டவர் செவிதான் பொய்த்தது.

எனவே கேட்பவர் கடன் மூன்று எனலாம். அளவோடு சொல்லப்பட்டதை அளவோடே கேட்டல் முதலாவது. ‘பத்தில் மூன்று’ என்றால் பத்து முறையில் மூன்று முறை பெய்யும் என்றே பொருள். பெய்யாத ஏழைக் காட்டிப் பொய்யன் என்பது தகாது. வாய்ப்புக்கும் இழப்புக்கும் ஏற்ப ஆயத்தம் செய்தல் இரண்டாவது. காட்சிக்குச் செல்பவர் பத்தில் மூன்று என்பதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் மலைச்சாலையில் வண்டி ஓட்டுபவர்க்குப் பத்தில் ஒன்றே மிகை. சொன்னவர் ஒருவரே ஆயினும், முடிவு அவரவர் தலைமேல். மூன்றாவது, முடிவெடுக்கும் உரிமையே இல்லாதவரை நினைத்தல். பனியென்று தெரிந்தும் சுமக்கப் போகும் தொழிலாளிக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. அன்று சுமையை நாளைக்குத் தள்ளிவைக்க இசையும் வீட்டுக்காரரும் கடைக்காரரும் வேண்டும். எச்சரிக்கையைப் பின்பற்றும் வசதி எல்லார்க்கும் ஒத்தில்லாத சமுதாயத்தில், ‘முன்னரே சொன்னோமே’ என்பது முழு விடையாகாது.

காலை 8.30 மணி

இந்நாட்டு வானிலை நிலையங்களில் காலை 8.30 மணிக்குக் கடந்த 24 மணி நேரத்து மழையையும் பனியையும் அளந்து குறிக்கும் வழக்கம் உண்டு. முந்திய நாள் சொன்ன சொல் அவ்வேளையில் தராசில் ஏறுகிறது. பெய்ததா இல்லையா, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவைக்கின்றனர். எழுதிய பின்னர் அன்றைக்கு மீண்டும் அடுத்த நாளைப் பற்றிச் சொல்லத் துணிகின்றனர். பிழைத்த சொல்லை மறவாமலும், பிழைத்ததற்காக வாயடைத்துப் போகாமலும் இருக்கும் இப்பழக்கமே அத்தொழிலின் அறம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நாளையைப் பற்றி நாம் எல்லாரும் பேசுகிறோம். தந்தை மகனுக்கு வாக்களிக்கிறார். மருத்துவர் நோயாளியின் உறவினர்க்கு ஆறுதல் உரைக்கிறார். தேர்தலில் நிற்பவர் ஐந்தாண்டைப் பற்றி முழங்குகிறார். கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோர்க்கு மிகப் பழகிய சொற்றொடர்கள் இரண்டு: ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விரைவில் ஆவன செய்யப்படும்’. இவற்றில் நாளும் இல்லை, அளவும் இல்லை. எந்தக் காலை 8.30 மணிக்கும் இவற்றைத் தராசில் ஏற்றமுடியாது. ஆகையால் இவை ஒருநாளும் பொய்ப்பதில்லை. ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் முதியவளுக்கு, ‘ஒரு திங்களுக்குள் கிடைக்கக்கூடும், தணிக்கைத் தடை எழுந்தால் மூன்று திங்கள் ஆகலாம்’ என்று எழுதினால் அது பொய்க்கவும் கூடும். ஆனால் அவள் அதைக் கொண்டு அரிசிக்கும் மருந்துக்கும் திட்டமிடலாம். பொய்க்கவே முடியாத சொல்லைவிடப் பொய்க்கக்கூடிய சொல்லே மக்களுக்குப் பயன்படுகிறது. வானிலையாளரின் ‘பெய்யக்கூடும்’ இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. அதனை முதலினத்தோடு சேர்த்து நகைத்தோம், அந்நகைப்பு நியாயமன்று.

தெரியாததைத் தெரியும் என்பது பொய். தெரிந்ததைத் தெரியாது என்பதும் பொய். இவ்வளவு தெரியும், இதற்குமேல் தெரியாது என்று எல்லைக்கல் நாட்டிச் சொல்வதே நாளையைப் பற்றிப் பேசுவார்க்குரிய வாய்மை. அவ்வாறு சொல்லத் துணிபவரைப் பிழைத்த நாளில் பழியாமலும், அவர் சொல்லை உரிய நாளில் புறக்கணியாமலும் இருப்போமாக. நாமும் பிறர்க்கு நாளையைப் பற்றி ஒரு சொல் சொல்லும்போது, அதற்கொரு நாளும் அளவும் குறித்துச் சொல்வோமாக.